பைகேம் சமூகத் தளத்தைப் பராமரிப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கான செய்முறை

பைத்தான் நிரல்மொழியில் விளையாட்டு எழுத உதவும் நிரல் தொகுப்பான பைகேம் முதலில் வெளிவந்தது 2000 அக்டோபர் 28 அன்று. பைத்தானில் விளையாட்டு எழுதக் கற்பவர்களுக்காகக் கால் நூற்றாண்டாகப் பலர் எழுதிச் சேர்த்த பாடங்களும் மாதிரி நிரல்களும் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு தளத்தைப் பராமரிக்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் வடிவமைப்பில்தான் கைவைப்பார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாதிரி நிரல்களை ஓட்டிப் பார்ப்பதில் தொடங்குங்கள். பள்ளி மாணவி ஒருத்தி பக்கத்தில் இருக்கும் இருபது வரியை நகலெடுத்து ஒட்டுகிறாள். அது ஓடாவிட்டால், பக்கம் பழசு என்று அவளுக்குத் தோன்றாது. தனக்கு நிரல் எழுத வராது என்றே நினைத்துக்கொள்வாள்.

படி 1: சோதனைக்கு இரண்டு தனிச் சூழல்கள்

பைத்தானோடு வரும் வென்வ் என்ற கருவி மூலம் இரண்டு மெய்நிகர் சூழல்களை, அதாவது ஒன்றுக்கொன்று கலக்காத நிறுவல் இடங்களை, உருவாக்குங்கள். ஒன்றில் பைகேம், மற்றொன்றில் பைகேம்-சிஇ. 2023-ல் பைகேமிலிருந்து கிளை பிரிந்த சமூகப் பதிப்பான சிஇ-யும் நிரலில் பைகேம் என்ற பெயரிலேயே இம்போர்ட் ஆகிறது. ஒரே சூழலில் இரண்டையும் நிறுவினால் ஒன்றின் கோப்புகள் மேல் மற்றொன்றின் கோப்புகள் ஏறிக்கொள்ளும். பிறகு வரும் பிழை எதனுடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. வாசகர்களுக்கான நிறுவல் பக்கத்திலும் இதைச் சொல்லுங்கள்: பழையதை பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் நீக்கிய பிறகே புதியதை நிறுவ வேண்டும்.

படி 2: ஒவ்வொரு நிரலையும் ஓட்டுங்கள்

பழைய நிரல்கள் பழுதாகும் விதங்கள் சிலவே. அவை திரும்பத் திரும்ப வரும்.

பிரிண்ட் வரியில் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2 காலத்து நிரல். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டது. திருத்துங்கள்.

ஜன்னல் திறந்ததும் உறைந்துபோய், 'பதிலளிக்கவில்லை' என்று இயங்குதளம் சொன்னால், விளையாட்டு திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைச் சுழற்சிக்குள், விசை, சுட்டி போன்ற நிகழ்வுகள் சேரும் வரிசையை நிரல் வாசிக்கவில்லை என்று பொருள். ஒவ்வொரு சுற்றிலும் அதை வாசிக்கும் ஈவென்ட் கெட் ஒருமுறை அழைக்கப்பட வேண்டும், நிகழ்வுகளை நிரல் பயன்படுத்தாவிட்டாலும்கூட.

பந்து ஒரு கணினியில் ஊர்ந்து, வேறொன்றில் பறந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பைகேமின் கிளாக் நிரலில் இல்லை. சுழற்சிக்கு வெளியே கிளாக்கை உருவாக்கி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் டிக் 60 (நொடிக்கு 60 சட்டகத்துக்கு மேல் போகாதே) என்று அழையுங்கள். ஒரே சுற்றில் டிக் இரண்டு இடங்களில் இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே காத்திருக்கும். 60 என்று எழுதியும் நொடிக்குச் சுமார் 30 சட்டகம்தான் கிடைக்கும்.

படத்தை ஏற்றியவுடன், அதைத் திரைக்கேற்ற வடிவுக்கு மாற்றும் கன்வெர்ட் வரியில் பிழை வந்தால், திரையை அமைக்கும் செட் மோட் அதற்குப் பின்னால் எழுதப்பட்டிருக்கிறது. திரையை அமைத்த பிறகே கன்வெர்ட் செய்ய முடியும். வரிகளின் வரிசையை மாற்றினால் போதும்.

படக் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழைக்கு இரண்டு காரணங்களைப் பாருங்கள். நிரலை வேறு கோப்புறையில் இருந்து ஓட்டியிருக்கலாம். நிரல் கோப்பு இருக்கும் இடத்தில் இருந்து பாதையைக் கணக்கிடும்படி மாற்றுங்கள். அல்லது பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கலாம். விண்டோஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் பொறுக்காது.

திருத்தியதும் பக்கத்தின் தலையில் எந்தப் பைத்தான், எந்தப் பைகேம், எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து வருபவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

படி 3: சோதனையைத் தானியங்கியாக்குங்கள்

சர்வரில் திரையும் ஒலிக்கருவியும் இருக்காது. பைகேமுக்கு அடித்தளமான எஸ்டிஎல் நூலகத்தின் வீடியோ டிரைவர், ஆடியோ டிரைவர் ஆகிய இரு சூழல் மாறிகளுக்கும் (நிரல் ஓடும் முன் கொடுக்கும் அமைப்புகள்) 'டம்மி' என்ற மதிப்பைக் கொடுத்தால் அவை இல்லாமலே நிரல் ஓடும். விளையாட்டு நிரல்கள் தாமாக முடியாது என்பதால் லினக்ஸின் டைம்அவுட் கட்டளையோடு 5 நொடி ஓட்டுங்கள். வெளியேறும் எண் 124 என்றால் நேரம் முடியும்வரை ஓடியிருக்கிறது, தேர்ச்சி. 0 என்றால் தானாகவே முடிந்திருக்கிறது, அதுவும் சரி. 1 வந்தால் பிழை. நிரல் விழுகிறதா என்பதை மட்டுமே இந்தச் சோதனை காட்டும். படம் தலைகீழாக வந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஒருமுறை கண்ணாலும் பாருங்கள்.

படி 4: லிங்குகள்

ஆவணங்கள் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவியில் இருந்தால், லிங்குகளைச் சோதிக்கும் லிங்க்செக் அதிலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை போதும். 404 வந்தால் லிங்க் செத்துவிட்டது. 403, 429 வந்தால் அவசரப்பட்டு நீக்க வேண்டாம், அந்தத் தளம் தானியங்கிகளைத் தடுத்திருக்கலாம். உலாவியில் திறந்து பாருங்கள். உங்கள் பக்கம் ஒன்றை இடம் மாற்றினால் பழைய முகவரியில் 301 திருப்பிவிடல் வையுங்கள். கல்லூரிப் பாடக்குறிப்புகள் பழைய முகவரியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

படி 5: பயனர்கள் போடும் விளையாட்டுப் பதிவுகள்

புதிய கணக்கின் முதல் பதிவை ஒருவர் பார்த்து அனுமதிக்கட்டும். வெளி லிங்குகளில், தரவரிசைக்கு இதைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறியைச் சேருங்கள். தேடுபொறித் தரவரிசைக்காக வரும் ஸ்பேமருக்கு இங்கே லாபம் இருக்காது. திரைப்பிடிப்புகளுக்கு பிஎன்ஜி, ஜேபெக் மட்டும் போதும். எஸ்விஜி கோப்புக்குள் ஸ்கிரிப்டை ஒளிக்க முடியும், அதை ஏற்காதீர்கள்.

படி 6: சான்றிதழும் பேக்கப்பும்

தளம் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியில் திறக்கத் தேவையான சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் சான்றிதழ் பொதுவாக 90 நாளுக்குச் செல்லும். செர்ட்பாட் என்ற கருவி அதைத் தானே புதுப்பித்தாலும், வலைச் சர்வரை ரீலோட் செய்யாவிட்டால் பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சல்களை அந்த நிறுவனம் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. எனவே காலாவதித் தேதியை வெளியில் இருந்து கவனிக்கும் கருவி ஒன்றை நீங்களே அமைக்க வேண்டும்.

பேக்கப்பில் தரவுத்தளத்தையும் பதிவேற்றக் கோப்புறையையும் ஒரே நேரத்தில் எடுங்கள். கோப்புறை ஞாயிறும் தரவுத்தளம் புதனுமாக எடுக்கப்பட்டிருந்தால் மீட்டபின் பதிவு இருக்கும், படம் இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பை வெறுமையான ஒரு கணினியில் மீட்டு, தளத்தை எழுப்பி, சமீபத்திய பதிவு படத்தோடு திறக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் பிடித்தது, எந்தக் கடவுச்சொல் கைவசம் இல்லை என்பதை அப்போதே குறித்து, இன்னொரு பராமரிப்பாளரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.