டிரெய்லருக்குள் ஃபியூஸ் பெட்டி கண்ணை உறுத்துகிறதா?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன கேம்பிங் டிரெய்லரில் படுத்தாலும் எழுந்தாலும் அந்தக் கறுப்பு ஃபியூஸ் பெட்டிதான் கண்ணில் படும். எங்களுடையதில் அது சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே!

அதை மறைக்கத் துணித் திரை போட்டுவிடாதீர்கள். அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலும் இந்தப் பெட்டியோடுதான் கன்வெர்ட்டரும் இருக்கும். 120 வோல்ட் ஏசி மின்சாரத்தை 12 வோல்ட் டிசி மின்சாரமாக மாற்றும்போது அது சூடாகும். முன்பக்கத் துளைகள் வழியாகக் காற்று போய் வந்தே ஆக வேண்டும்.

நான் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மரச் சட்டம் செய்து, நடுவில் துளைத் துளையாக இருக்கும் அலுமினியத் தகட்டைப் பொருத்தினேன். சுவரின் நிறமே அதற்கும். பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மேலும் கீழும் திறப்பு. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் வலுவான காந்தம். காந்தம் லேசாக இருந்தால் வண்டி ஓடும்போது கதவு படபடவென்று அடிக்கும். இரவில் ஃபியூஸ் போனால் ஒரு கையால் திறக்க முடிய வேண்டும், அது முக்கியம்.

திருகு முடுக்குமுன் வெளி மின்சாரம், பேட்டரி இரண்டையும் துண்டித்துவிடுங்கள். சுவர் மெல்லியது, பின்னால் ஒயர் ஓடும். குட்டைத் திருகே போதும்.

அப்புறம், தரையோரம் இருக்கும் கேஸ் கசிவு அலாரத்தை எதனாலும் மறைக்காதீர்கள். அந்த கேஸ், அதாவது புரொப்பேன், காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். அந்த அலாரம் அழகில்லாமலே இருக்கட்டும்.