வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க முதல் வேலையா? ஊரை இப்படித் தேர்ந்தெடுங்கள்

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர், ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிக்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழும் கையில் இருக்கிறது, வியட்நாமுக்கு ஆங்கில ஆசிரியராகப் போவது என்று முடிவே செய்துவிட்டார். "அண்ணா, டா நாங் நல்லா இருக்குமா, ஹோ சி மின் நல்லா இருக்குமா?" என்று கேட்டார். டா நாங்கில் என்ன பிடித்தது என்று கேட்டேன். கடற்கரை என்றார். நானும் அதே மி கே கடற்கரைப் படங்களைப் பார்த்துத்தான் முதல் வேலைக்கு அங்கே போனேன், நான்கு மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. அவரிடம் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே யோசனையில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரியும்.

ஊரைப் பற்றி யோசிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மூன்றாவது மாதம் இந்த வேலை போய்விட்டால், குடியிருக்கும் வீட்டை மாற்றாமல் அதே ஊரில் அடுத்த வேலை பிடிக்க முடியுமா?

ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்றால், முதல் வேலை சரியாக அமையாமல் போவது ரொம்ப சாதாரணம். எனக்கு வாரம் 20 மணி நேரம் என்று பேசினார்கள், மாணவர்கள் குறைந்ததும் 9 மணி நேரம் ஆக்கிவிட்டார்கள், ஒர்க் பெர்மிட் வேலையும் தொடங்காமலே கிடந்தது. வேறு மொழி மையங்களில் கேட்டுப் பார்த்தேன். டா நாங்கில் கடலோரம் வாழ ஆசைப்படும் வெளிநாட்டுக்காரர்கள் எக்கச்சக்கம், ஆனால் மையங்கள் கொஞ்சம்தான். ஒரு இடத்துக்குப் பத்துப் பேர் நிற்கும்போது இந்தியக் கடவுச்சீட்டுக்காரரை யார் முதலில் கூப்பிடுவார்கள்? ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் ஏறினேன். பத்து நாளில் இரண்டு இடத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். நான் அதே ஆள், அதே சான்றிதழ்கள், ஊர் மட்டும்தான் வேறு.

கடவுச்சீட்டைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். விளம்பரங்களில் "நேட்டிவ் ஸ்பீக்கர்" என்று இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக்காரர்களைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்திருந்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். இது நியாயமில்லை, எனக்கு இன்றும் இதில் கோபம் உண்டு. ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. வியட்நாமில் தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்கள் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் என்று பார்ப்பார்கள், மொழிப் பட்டம் இல்லையென்றால் ஆங்கிலத் திறனில் சி1 எனும் உயர்நிலைக்கான தேர்வுச் சான்று கேட்பார்கள். தாய்லாந்தில் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். இந்தச் சான்றை நம்மூரிலேயே எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு வழி சொல்கிறேன், எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, போன பிறகு நானே கண்டுகொண்டது. ஒரு ஊர் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க, அங்கே பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் எத்தனை பேர் முறையான பெர்மிட்டோடு வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களும் நம்மைப் போலவே "நேட்டிவ் இல்லை" என்று தள்ளப்படுகிறவர்கள். அவர்கள் இரண்டு மூன்று வருடமாக நிலைத்திருக்கும் பள்ளி நமக்கும் கதவைத் திறக்கும். அவர்களில் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் சம்பளம் தேதிப்படி வருகிறதா என்பது வரைக்கும் தெரிந்துவிடும்.

சரி, இனி ஊர்கள்.

ஹோ சி மின் நகரம்தான் முதல் வேலைக்கு என் முதல் சிபாரிசு. மொழி மையங்கள், தனியார் பள்ளிகள், மழலையர் பள்ளிகள் என்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒன்று சரியில்லை என்றால் அடுத்தது. வெயில் நம்மூர் வெயில்தான், மே முதல் நவம்பர் வரை மழை. இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, திருச்சியிலிருந்தே 2023இல் நேரடி விமான சேவை தொடங்கினார்கள். நகரத்தின் நடுவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, இந்த நகரம் சைகோன் என்றிருந்த அந்தக் காலத்தில் பிழைக்க வந்த தமிழர்கள் கட்டியது, இன்று அங்கே ஊதுவத்தி ஏற்றி வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள். தனிமை அழுத்திய சில மாலைகளில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். சைவம் சாப்பிடுபவர்கள் "சாய்" என்று பலகை வைத்த கடைகளைத் தேடுங்கள், மீன் சாஸ் கலக்காத சாப்பாடு அங்கேதான் நிச்சயம். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் வியட்நாமியர்களில் பலர் சைவம் சாப்பிடுவார்கள், கிட்டத்தட்ட நம் அமாவாசை, பௌர்ணமி மாதிரி.

ஹனோயிலும் வேலைக்குப் பஞ்சமில்லை, பள்ளிகள் ஏராளம், இந்தியத் தூதரகமும் அங்கேதான். ஆனால் அதன் குளிர்காலத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு, வாரக்கணக்கில் வெயிலே தெரியாது, வீடுகளில் ஹீட்டர் இருக்காது, காற்றும் அந்த மாதங்களில்தான் மோசமாகும். ஆஸ்துமா இருப்பவர்கள் முதல் வருடம் அங்கே போகாமல் இருப்பது நல்லது.

சிறிய ஊர்கள் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஆசிரியர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஊர்களில் நம்மை மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்கிறார்கள், பல இடங்களில் அறையும் தருகிறார்கள், செலவு குறைவு என்பதால் கையில் பணம் நிற்கும். ஆனால் அங்கே வேலை போனால் அறையும் சேர்ந்து போகும். அதனால் பெரிய நகரத்திலிருந்து ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர்களைப் பாருங்கள். ஹனோயிக்கு அருகே பாக் நின், கொஞ்சம் தள்ளி துறைமுக நகரமான ஹாய் ஃபோங், ஹோ சி மின் பக்கம் பீன் ஹோவா. டா நாங்கை இரண்டாவது வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அனுபவச் சான்றோடு போகும்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும். அங்கே செப்டம்பர் முதல் டிசம்பர் வரை புயலும் வெள்ளமும் வரும் என்பதையும் படங்களில் பார்க்க முடியாது.

ஊரை முடிவு செய்த பிறகு, அந்த ஊருக்குள் எந்தப் பகுதி என்பதும் அதே அளவு முக்கியம். மையங்களில் வகுப்புகள் மாலை 5:30க்கு மேல்தான், சனி ஞாயிறு முழு நாள். ஹோ சி மின்னில் மழை கொட்டுவதும் சாலை அடைத்துக்கொள்வதும் சரியாக அந்த மாலை நேரத்தில்தான். சில நிறுவனங்கள் ஒரே நாளில் இரண்டு கிளைகளுக்கு அனுப்புவார்கள், அந்தப் பயண நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதனால் எந்தக் கிளை என்று எழுத்தில் வாங்கிய பிறகே வீடு பாருங்கள், அதுவரை விடுதி போதும். தாவ் தியென் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம், வாடகையும் அதற்கேற்ப. கோ வாப், தான் ஃபூ பக்கம் மையங்களும் நிறைய, வாடகையும் தாங்கும். கோ வாப்பில் என் அறைக்கு மாதம் 60 லட்சம் டொங் கொடுத்தேன், ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டொங் என்று வைத்தால் 20,000 ரூபாய். 2025 ஜூலையில் மாவட்டங்களையே நிர்வாகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனாலும் வாடகை விளம்பரங்களில் பழைய மாவட்டப் பெயர்களும் எண்களும்தான் ஓடுகின்றன, குழம்ப வேண்டாம். வீட்டுக்காரர் உங்கள் பெயரைக் காவல்துறையில் தற்காலிகக் குடியிருப்பாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத வீடு வேண்டாம்.

எப்போது போவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பள்ளி ஆண்டு செப்டம்பர் 5 வாக்கில் தொடங்கும், எனவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆள் எடுப்பு சூடு பிடிக்கும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டுக்கு முந்தைய மாதம் போய் இறங்காதீர்கள், எல்லாம் அடைத்துவிடும், மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கு அந்த விடுமுறையில் பல இடங்களில் ஒரு டொங்கும் வராது. வாடகை அட்வான்ஸ், பெர்மிட் செலவு, ஒரு மாதம் கழித்து வரும் முதல் சம்பளம் எல்லாம் சேர்த்து மூன்று மாதச் செலவுக்காவது கையில் பணம் வேண்டும்.

காகிதங்கள். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு முத்திரை, வெளியுறவு அமைச்சக முத்திரை, நான் போனபோது வியட்நாம் தூதரக முத்திரையும் கேட்டார்கள். காவல்துறைச் சான்று ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இதையெல்லாம் அங்கிருந்து செய்வது பெரும்பாடு, அசல் சான்றிதழைக் கூரியரில் அனுப்பிவிட்டுத் தூங்க முடியாது. 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் இ-விசா கிடைக்கிறது, அதில் போய் நேர்காணல் கொடுக்கலாம், வகுப்பெடுத்துச் சம்பளம் வாங்கக் கூடாது. "முதலில் வேலையைத் தொடங்குங்கள், பெர்மிட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், எந்தத் தேதிக்குள், யார் செலவில், எந்த நிறுவனத்தின் பெயரில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெர்மிட் அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது, வேலை மாறினால் புதிதாக எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் விட முடியாது. தாய்லாந்தில் வேலை என்று சொல்லி நம் பிள்ளைகளை மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்ததும், 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்ததும் நினைவிருக்கும். கம்போடியாவிலும் இதே கதை நடந்தது. பாங்காக் வேலை என்று சொல்லிவிட்டு மே சோட்டுக்கு வரச் சொன்னால், அது மியாவடிக்கு எதிர்க்கரை, விமான நிலையத்திலிருந்தே திரும்பிவிடுங்கள். உண்மையான பள்ளிக்கு முகவரி இருக்கும், குழந்தைகள் இருப்பார்கள், வீடியோவில் டெமோ வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். டெமோவே கேட்காமல் வேலை தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம்.

மதுரைத் தம்பி இப்போது பீன் ஹோவாவில் ஒரு பள்ளியின் டெமோவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பள்ளியில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் ஆசிரியை ஒருவரின் எண்ணையும் எப்படியோ தேடிப் பிடித்துவிட்டார்.