சர்வீஸ் லைட்டை ரீசெட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள், நாங்கள் தொழில் பழகிய நாளில் இடறிய இடங்களிலேயே இடறுகிறார்கள். ஆயில் டிரெயின் போல்ட்டை முறுக்க மறப்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். ஆயில் மாற்றியபின் டேஷ்போர்டில் நிற்கும் ஸ்பானர் விளக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எஞ்சினை ஓடவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்துவது

சாவி ஆன் நிலையில் இருந்தால் போதும். ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ட்ரிப் திரையைக் கவனிக்காதது

பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் திரையில் ட்ரிப் ஏ (ஒரு பயணத்தின் தூரத்தைக் காட்டும் கணக்கு) இருக்கும்போது சாவியை அணைத்து, ட்ரிப் குமிழை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் ஆன் செய்ய வேண்டும். பூஜ்யங்கள் வரும்வரை விரலை எடுக்கக் கூடாது.

பேட்டரி ஒயரைக் கழற்றுவது

கடிகாரம்தான் அழியும். விளக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

சீக்கிரம் வந்த விளக்கைப் பழுது என்று நினைப்பது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த விளக்கு ஆயிலின் நிலையை அறியாது. கிலோமீட்டரையும் மாதத்தையும் எண்ணும், அவ்வளவுதான். அந்த நினைப்பிலேயே இன்றைய டீசல் கார்களையும் தொடுகிறார்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வழக்கமாகிவிட்டது. சேர்ந்த கரியை எரிக்க அதைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அதற்காகப் பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். எரியாதது சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் எரிப்பு பாதியில் நின்று மறுபடி தொடங்குவதால் கலப்பு இன்னும் கூடும். இதைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் விளக்கு 10,000 கிலோமீட்டருக்குக் காத்திருக்காது.

பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே போய்வந்த ஒரு வண்டி 6,000 சொச்சத்தில் விளக்குடன் வந்தது. "இன்னும் தூரம் பாக்கி இருக்கிறதே, அண்ணே" என்று பையன் ஸ்கேனரைச் செருகி ரீசெட் செய்து அனுப்பிவிட்டான். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த முறை அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். டர்போவின் தண்டு ஆடியது. "ஆயில் குறையவே இல்லையே, அண்ணே" என்றான். குறையவில்லைதான், மேல்கோட்டையும் தாண்டி நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை. டீசல் கலந்து நீர்த்த ஆயிலால் டர்போவைக் காக்க முடியவில்லை. ஆயில் மாற்றியிருந்தால் சில ஆயிரங்களோடு போயிருக்கும்.

ரீசெட் என்பது கம்ப்யூட்டரிடம் "புது ஆயில் ஊற்றியாயிற்று" என்று சொல்வது. பொய் சொன்னால் அதுவரை போட்ட கணக்கை அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஆகவே முதலில் டிப்ஸ்டிக், பிறகு ஆயிலும் ஃபில்டரும், ஸ்கேனர் கடைசியில்.

சிவப்பு எண்ணெய்க்குடுவை விளக்கு

அது சர்வீஸ் லைட் அல்ல. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது. எஞ்சினை உடனே அணையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிப்பது

பிஎம்டபிள்யூ போன்றவற்றில் எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், பிரேக் பேட் எல்லாம் தனித்தனி வரிகள். எதை மாற்றினீர்களோ அதை மட்டும் ரீசெட் செய்யுங்கள்.