1977 ஸ்டார் வார்ஸை இந்தக் காலத்துக் கண்ணோடு பார்ப்பது எப்படி?

நான் 2004-இல் பிறந்தவன், மார்வெல் படங்களில் ஊறி வளர்ந்தவன். ஜார்ஜ் லூகாஸின் முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை என் செட்டில் பலர் அரை மணி நேரத்தில் அணைத்துவிடுகிறார்கள். "எல்லாம் பார்த்த சீன்தானே" என்கிறார்கள். இருக்காதா பின்னே? நாம் பார்த்தவற்றில் பாதி இதைப் பார்த்து எடுத்தவை. அதனால் கதையை ஓரமாக வைத்துவிட்டு வேலைப்பாட்டைப் பார்க்க உட்காருங்கள்.

எந்தப் பாகத்திலிருந்து தொடங்குவது என்று கூகுளில் தேட வேண்டாம். இந்தப் படத்துக்கு 'எபிசோட் 4' என்ற எண்ணே 1981 மறுவெளியீட்டில்தான் ஒட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரத் தனிப்படம், அவ்வளவுதான்.

பெரிய டிவியா, நல்ல ஹெட்போனா என்றால் என் ஓட்டு ஹெட்போனுக்கு. ஒலிகளை உருவாக்கிய பென் பர்ட் மைக்கோடு ஊர் சுற்றியவர். லைட்சேபர் எனும் ஒளிவாளின் ரீங்காரம் ப்ரொஜெக்டர் மோட்டாரும் டிவியின் இரைச்சலும் கலந்தது. துப்பாக்கிச் சத்தம், கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டியது. வில்லன் படையின் டை ஃபைட்டர் விமானங்கள் அலறிக்கொண்டு போகும் இல்லையா, அதில் யானையின் பிளிறலும் ஈரச்சாலையில் கார் போகும் சத்தமும் இருக்கின்றன. ஒருமுறை யானை காதில் விழுந்துவிட்டால், அப்புறம் யானை மட்டும்தான் கேட்கும்.

கதாநாயகன் லூக் வருவதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை இரண்டு ரோபோக்கள் பாலைவனத்தில் சண்டை போட்டுக்கொண்டு நடக்கும். பொறுமையாக இருங்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 1958 படமொன்றில் வாய்ச்சண்டை போட்டபடி திரியும் இரண்டு குடியானவர்களைப் பார்த்து வந்த யோசனை அது. ஓட்டிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் ஒட்டாது.

ஓடிடியில் இருப்பது 1977 பிரதி அல்ல. 1997-இல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் சேர்த்து, பிறகும் கைவைத்த பிரதி. ஜப்பா என்ற கடத்தல் தலைவன் வரும் காட்சியைக் கவனியுங்கள். முதலில் ஒரு மனிதரை ஜப்பாவாக நடிக்கவைத்து எடுத்து, பிறகு நீக்கிவிட்டார்கள். 1997-இல் அவர்மேல் வால் உள்ள கிராஃபிக்ஸ் ஜப்பாவை வைத்தார்கள். ஆனால் பழைய காட்சியில் விண்கல ஓட்டி ஹான் சோலோ அந்த ஆளுக்குப் பின்னால் சுற்றி நடந்திருந்தார். அங்கே இப்போது வால்! வேறு வழியில்லாமல் அவர் வாலை மிதித்து ஏறி இறங்குவதுபோல் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரும் இடம்.

கடைசிச் சண்டையின்போது போனைத் தூரமாக வையுங்கள். இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைப் படச்சுருள்களை வெட்டி ஒட்டி, அதை மாதிரியாக வைத்து லூகாஸ் திட்டமிட்ட பகுதி இது. முதலில் எடுத்தபோது விண்கலங்கள் எல்லாம் கையால் செய்த சிறு மாடல்கள். ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப அச்சுப்பிசகாமல் செய்யும் கேமராவைக் கட்டி அவற்றைப் பறக்கவிட்டது.

கதையில் ஒரே ஒரு இடம். அப்பா எப்படி இறந்தார் என்று லூக் கேட்பான். பதிலுக்கு முன், அவனுக்கு வழிகாட்டும் கிழவராக வரும் அலெக் கின்னஸ் கொஞ்சம் தயங்குவார். கறுப்பு முகமூடி வில்லன் வேடர்தான் லூக்கின் அப்பா என்பது நமக்கு மீம் வழியாகவே தெரியும். ஆனால் இதை எடுத்தபோது அந்தத் திருப்பமே எழுதப்படவில்லை. அப்பாவை வேடர் கொன்றுவிட்டார் என்று கிழவர் சொல்வதை அப்படியே நம்பிப் பாருங்கள், வேடர் வேறு மாதிரி பயமுறுத்துவார். பிடித்திருந்தால் அடுத்து 1980-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படம். 1999-இல் வந்ததற்கு இப்போதைக்குத் தாவ வேண்டாம்.