பிக் அப்: நாம் தினமும் சொல்லும் சொல்லை ஆங்கிலத்தில் சரியாக எழுதுவது எப்படி?

காட்பாடி ஜங்ஷன் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், "பிக்கப் பண்ண வந்திருக்கேன்" என்று யாராவது போனில் சொல்வது காதில் விழும். பேச்சில் நமக்குத் தடையே இல்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால்தான் தடுமாற்றம்.

என்னிடம் மாலையில் ஆங்கிலம் பழக வரும் ஆட்டோ ஓட்டுநர் அண்ணன் ஒருவர், சிகிச்சைக்காக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரவிருந்த கொல்கத்தா குடும்பத்துக்கு அனுப்பப்போகும் செய்தியைக் காட்டினார்: 'ஐ வில் பிக் அப் யூ.' சொற்கள் எல்லாம் சரி, வரிசை மட்டும் தவறு. அதைச் சரிசெய்யும் வழிதான் இது.

முதலில், சொல்லைப் பிரிக்காதீர்கள். 'பிக்' என்றால் பறி அல்லது தேர்ந்தெடு, 'அப்' என்றால் மேலே. இரண்டையும் கூட்டினால் பொருள் கிடைக்காது. தமிழிலும் அப்படித்தானே? 'கண்டு', 'பிடி' இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்தவருக்கு 'கண்டுபிடி' புரிந்துவிடாது. ஒரே சொல்லாக மனதில் வையுங்கள்.

அடுத்து, கீழே கிடக்கும் சாவியைக் குனிந்து எடுக்கும் கையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அடிப்படைப் பொருள். வழியில் ஆளை ஏற்றிக்கொள்வதும், மணி அடிக்கும் போனை எடுப்பதும், வீட்டுக்குப் போகும்போது பால் பாக்கெட் வாங்கிக்கொள்வதும் அதிலிருந்து வந்தவையே.

எனக்கு மிகவும் பிடித்த பொருள் இன்னொன்று. சி.எம்.சி. 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கியது. இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சுற்றியுள்ள கடைக்காரர்கள் எந்த வகுப்புக்கும் போகாமலே வங்காளி பேசுகிறார்கள். இதை 'லேர்ன்' என்பதைவிட 'பிக் அப்' என்பதே பொருத்தம்: 'ஹி பிக்ட் அப் பெங்காலி அட் தி ஷாப்.' உட்கார்ந்து படிப்பது 'லேர்ன்'. காதில் விழுந்து விழுந்து தானாக ஒட்டிக்கொள்வது 'பிக் அப்'. நோய் தொற்றிக்கொள்வதற்கும் இதே சொல்தான்.

வியாபாரத்துக்கு வரும்போது எடுப்பவர் என்று ஒருவர் தேவையில்லை. ஆடியில் படுத்திருந்த துணி வியாபாரம் ஆவணியில் சூடுபிடித்தால், 'பிசினஸ் இஸ் பிக்கிங் அப்.'

காலம் மாறும்போது 'பிக்' மட்டும் மாறும்: பிக்ஸ், பிக்ட், பிக்கிங். 'அப்' அசையாது.

இப்போது அண்ணன் தடுக்கிய இடம். பெயரைச் சொன்னால் இரண்டு வரிசையும் சரி: 'பிக் அப் தி பேக்', 'பிக் தி பேக் அப்.' ஆனால் மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் வந்தால் அவை நடுவில்தான் உட்கார வேண்டும். 'பிக் இட் அப்' சரி, 'பிக் அப் இட்' தவறு. விதியாக மனப்பாடம் செய்வதைவிட, நாக்குக்குப் பழகும்வரை சத்தமாகச் சொல்வதே பலன் தரும்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. இடம் எதுவும் சொல்லாமல் 'ஹி பிக்ட் ஹெர் அப்' என்று எழுதினால், முன்பின் தெரியாத பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து வலை வீசினான் என்ற பொருளும் வரலாம். 'ஃப்ரம் தி ஸ்டேஷன்' என்று சேர்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

'பிக்கப் டைம்' போலப் பெயர்ச்சொல்லாக வரும்போது இடைவெளி விடாமல் ஒன்றாக எழுதுங்கள், அழுத்தம் 'பிக்'கில் விழும். வினையாக வந்தால் இடைவெளி விட்டு இரண்டு சொல், அழுத்தம் 'அப்'பில். "வண்டிக்கு பிக்கப் இல்லை" என்பது இங்கே எல்லோருக்கும் புரியும். ஆனால் அமெரிக்கரிடம் பிக்கப் என்றால், பின்பக்கம் திறந்த சரக்கு வண்டிதான் முதலில் அவர் நினைவுக்கு வரும்.

அண்ணன் திருத்தி அனுப்பிய செய்தி இது: 'ஐ வில் பிக் யூ அப் ஃப்ரம் காட்பாடி ஸ்டேஷன் அட் 5.' இன்று இரவு இதைப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் 'யூ' இருக்கும் இடத்தில் ஹிம், ஹெர், தெம் என்று மாற்றிக்கொண்டே வாருங்கள்.