பி.எல்.பி. கருவி: வாங்குவது, பதிவுசெய்வது, அழுத்துவது

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீயிலிருந்து மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளும் ஊட்னடாட்டா மண்சாலையில், வழியிலுள்ள ஓரிரு சிற்றூர்களைத் தாண்டிவிட்டால் கைப்பேசி நேரம் பார்க்கவும் படம் எடுக்கவும் மட்டுமே உதவும். சென்ற ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் அந்த வழியே குடும்பத்தோடு செல்வதற்காகச் ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கையடக்கக் கருவியான அவசர பீக்கன் ஒன்றை வாங்கினேன். சரியாகத்தான் வாங்கினேன், தவறாகப் பதிவுசெய்தேன். அந்தத் தவறு எப்படி வெளிப்பட்டது என்பதையும் சேர்த்து, முதன்முறை வாங்குவோருக்காக இதை எழுதுகிறேன். இங்கே கூறும் நடைமுறைகள் ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. இந்தியாவுக்குச் செல்வோருக்கான எச்சரிக்கை ஒன்று பின்னால் வருகிறது. அதைப் படிக்காமல் விட வேண்டாம்.

முதல் படி: எதை வாங்குவது

கடைகளில் இரண்டு வகைக் கருவிகள் கிடைக்கின்றன. பி.எல்.பி. எனப்படும் தனிநபர் பீக்கன், 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்குச் சமிக்ஞை அனுப்புகிறது. மாதச் சந்தா கிடையாது; பேட்டரி காலாவதியாகப் பல ஆண்டுகள் ஆகும்; ஆனால் நாம் அனுப்பலாமே தவிர, பதில் செய்தி பெற முடியாது. கார்மின் இன்ரீச் போன்ற மற்ற வகை, இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தியை அனுப்பவும் பெறவும் உதவுகிறது; அதற்குச் சந்தா உண்டு, அதன் அவசர அழைப்பு முதலில் ஒரு தனியார் மையத்துக்குப் போகிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பி.எல்.பி.யை வாங்குங்கள் என்பதே என் கருத்து. சந்தா கட்ட மறந்த கருவியும் முந்தைய இரவு சார்ஜ் போட மறந்த கருவியும் ஆபத்து வேளையில் வெறும் சுமைதான். ஐபோன் 14 முதல் கிடைக்கும் செயற்கைக்கோள் அவசர அழைப்பு 2023 மே மாதத்திலிருந்து ஆஸ்திரேலியாவிலும் இயங்குகிறது என்றாலும், அதை இரண்டாவது துணையாக மட்டுமே கருதுகிறேன்.

பி.எல்.பி.யிலும் ஜி.பி.எஸ். உள்ளதையே வாங்குங்கள். ஜி.பி.எஸ். இருந்தால் தேட வேண்டிய வட்டம் ஏறத்தாழ 120 மீட்டர். இல்லையென்றால் அது 5 கிலோமீட்டர் வரை விரியும். விலை மலிவென்று 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய பீக்கனை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை. இன்றைய பீக்கன்களிலும் 121.5 இருக்கிறது என்றாலும், அருகில் வந்துவிட்ட ஹெலிகாப்டர் நம்மை நோக்கித் திரும்புவதற்கு மட்டுமே அது பயன்படுகிறது.

இரண்டாம் படி: பதிவு

நான் இடறிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பொத்தானை அழுத்தியதும் பி.எல்.பி. அனுப்புவது, எழுத்துகளும் இலக்கங்களும் கலந்து மொத்தம் 15 கொண்ட ஓர் அடையாளக் குறியீட்டையும், ஜி.பி.எஸ். இருந்தால் இருப்பிடத்தையும் மட்டுமே. நீங்கள் யார், எத்தனை பேர், பாம்பு கடித்ததா, வண்டி கவிழ்ந்ததா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. கான்பெராவிலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு அந்தக் குறியீடு வந்து சேர்ந்ததும், அங்கிருப்பவர்கள் பதிவேட்டைத் திறந்து, அதில் நீங்கள் எழுதியிருக்கும் தொடர்பு எண்களை அழைத்து விசாரிக்கிறார்கள். ஆகவே கருவி சொல்லாமல் விடுவதையெல்லாம் சொல்ல வேண்டியவர் அந்தத் தொலைபேசியை எடுக்கும் மனிதர்தான்.

பதிவை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான அம்சாவின் இணையதளத்தில் செய்ய வேண்டும். கட்டணம் இல்லை, பதிவு கட்டாயம், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடையாளக் குறியீடு கருவியின் பக்கவாட்டில் மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அதில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் மட்டுமே வரும். எனவே வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யம்தான், ‘ஓ’ அல்ல. எட்டையும் ‘பி’ எழுத்தையும் மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எச்சரிக்கையையெல்லாம் கடைப்பிடித்த நான், தொடர்பு எண்களில்தான் கோட்டைவிட்டேன். முதல் எண்ணாக மனைவியின் எண்ணையும், இரண்டாவதாக மதுரையிலிருக்கும் அண்ணனின் எண்ணையும் கொடுத்தேன். மூன்றாவது எண், வேறொரு வண்டியில் எங்களோடு அதே பயணத்துக்கு வரவிருந்த நண்பருடையது. படிவத்தை நிரப்பும்போது இதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

மாரீயில் தங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயது மகன் பீக்கனின் ஆன்டெனாவை விரித்து, மூடியைத் தூக்கி, பொத்தானை அழுத்திவிட்டான். விளக்கு மின்னுவதை நான் கவனிக்கச் சில நிமிடங்கள் ஆயின. கருவி முதல் சமிக்ஞையை அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு ஏறத்தாழ 50 வினாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை அணைத்துவிட்டு மீட்பு மையத்தின் இருபத்து நான்கு மணி நேர எண்ணான 1800 641 792-ஐ அழைத்தேன். மாரீயில் கைப்பேசி வேலை செய்ததால் அது முடிந்தது. அதற்குள் அவர்கள் பதிவேட்டிலிருந்த எண்களை அழைத்திருந்தார்கள். மனைவியின் கைப்பேசி வண்டிக்குள் அணைந்து கிடந்தது, நண்பர் குளித்துக்கொண்டிருந்தார், மதுரையில் அப்போது அதிகாலை மூன்று மணி. தூக்கத்திலிருந்து எழுந்து பேசிய அண்ணன், “அவர்கள் எங்கும் போகவில்லை, அடிலெய்டில் வீட்டில்தான் இருக்கிறார்கள்” என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் கிளம்பியதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. உண்மையான ஆபத்தில் நான் அழுத்தியிருந்தால், என்னைப் பற்றிக் கிடைத்திருக்கும் ஒரே தகவல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அன்றிரவு வழியிலுள்ள சிற்றூரான வில்லியம் கிரீக்கில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். ஊர் திரும்பியதும் அதன்படியே பதிவைத் திருத்தினேன். தொடர்பு நபர்களில் ஒருவர்கூட நம்மோடு பயணத்தில் இருக்கக் கூடாது. நம் குடும்பங்கள் நான்கு வண்டிகளில் கூட்டமாகக் கிளம்புவது வழக்கம் என்பதால், நெருங்கியவர்கள் அனைவரும் அதே சாலையில்தான் இருப்பார்கள். ஆகவே சற்றுத் தள்ளியிருக்கும் ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக்காரர். செல்லும் வழி, இரவு தங்குமிடங்கள், வண்டியின் நிறமும் பதிவெண்ணும், ஆட்களின் எண்ணிக்கை, யாருக்கு என்ன மருந்து, எந்த நாள் தாண்டினால் தேடச் சொல்ல வேண்டும் என்ற விவரங்களை ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டே இப்போது கிளம்புகிறோம். பயண விவரத்தை அம்சாவின் பதிவிலும் சேர்த்துவிடலாம். முன்பின் தெரியாத எண் என்றால் எடுக்காமல் விடுவது பலருக்கும் பழக்கம் என்பதால், அந்த நாட்களில் எந்த அழைப்பையும் தவறவிட வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

தவறுதலாக அழுத்தியதற்கு அபராதம் கிடையாது. மறைக்காமல் உடனே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் எதிர்பார்ப்பது.

மூன்றாம் படி: சோதனையும் சுமப்பதும்

கருவியில் சுயசோதனைப் பொத்தான் தனியாக உண்டு. பயணத்துக்கு முன் ஒருமுறை, கையேட்டில் உள்ளபடி செய்தால் போதும். ஒவ்வொரு சோதனையும் பேட்டரியைக் கொஞ்சம் குடிக்கிறது. பேட்டரி காலாவதித் தேதியையும் அப்போதே பாருங்கள். பீக்கனைக் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் வைப்போரே அதிகம். அங்கே வெயில் பேட்டரியைக் கெடுக்கும் என்பது ஒருபுறம். பாறை மேல் ஏறிக் கால் முறிந்தவருக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கும் காரிலுள்ள பீக்கனால் பயனில்லை என்பது மறுபுறம். இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி.

நான்காம் படி: அழுத்துவது

உயிருக்கு ஆபத்து, வேறு வழியில் உதவி கேட்க முடியவில்லை என்ற நிலையில் மட்டுமே அழுத்த வேண்டும். தண்ணீரும் உணவும் இருக்கும்போது வண்டி மணலில் புதைந்தால், முதலில் வண்டிகளுக்கிடையே பேச உதவும் யு.எச்.எஃப். ரேடியோவில் அவசரச் சேனலான 5-இலும், லாரி ஓட்டுநர்கள் பேசும் 40-இலும் கேட்டுப் பாருங்கள். அழுத்துவது என்று முடிவெடுத்துவிட்டால், வானம் மறையாத திறந்தவெளியில், ஆன்டெனாவை முழுவதும் விரித்து மேல்நோக்கி நிறுத்துங்கள். ஜி.பி.எஸ். பகுதி எதுவென்று கருவியிலேயே குறித்திருக்கும். அதைக் கையால் மூடிவிடக் கூடாது. பிறகு அணைக்கவே கூடாது. பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து நடுநடுவே அணைத்து வைக்கத் தோன்றும். அது தேடுபவர்களைக் குழப்பும். பி.எல்.பி. குறைந்தது 24 மணி நேரம் இயங்கும்படியே தயாரிக்கப்படுகிறது. உதவி வர மணிக்கணக்கில் ஆகலாம் என்பதால் வண்டியை விட்டு நடந்து போகாமல் நிழலில் காத்திருங்கள். தேடுதலுக்கும் மீட்புக்கும் இங்கே கட்டணம் இல்லை. ஆம்புலன்ஸ் செலவு வேறு கணக்கு.

இந்தியாவுக்குச் செல்வோருக்கு

இரிடியம், துராயா ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகள் வழியாக இயங்கும் தொலைபேசி, செய்திக் கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். இமயமலையில் நடக்கலாம் என்று இன்ரீச் எடுத்துச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். “நம் மீனவர்கள் மட்டும் வைத்திருக்கிறார்களே?” என்று சிலர் கேட்கிறார்கள். அது அவர்களுக்காகவே இஸ்ரோ உருவாக்கிய வேறு கருவி. அதன் இரண்டாம் தலைமுறையில், அபாயச் செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வருகிறது.

பின்சேர்க்கை

அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்த வாசகர் ஒருவர், அங்கே வாங்கிய பி.எல்.பி.யை அம்சா பதிவில் ஏற்க மறுக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த 15 எழுத்துக் குறியீட்டுக்குள் நாட்டு எண்ணும் அடங்கியிருக்கிறது, ஆஸ்திரேலியாவுக்கு 503. வேறு நாட்டுக் குறியீடு உள்ள கருவியை அந்த நாட்டில்தான் பதிவுசெய்ய வேண்டும், அல்லது விற்பனையாளரிடம் கொடுத்து ஆஸ்திரேலியக் குறியீட்டுக்கு மாற்ற வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸில் புளூ மவுண்டன்ஸ் பகுதியில் நடக்க மட்டும் கருவி தேவைப்படுவோர் வாங்க வேண்டியதே இல்லை. அங்கே தேசியப் பூங்கா அலுவலகத்திலும் சில காவல் நிலையங்களிலும் பி.எல்.பி.யை இலவசமாக இரவல் தருகிறார்கள்.

காலாவதியான பழைய பீக்கனைக் குப்பைத் தொட்டியில் போட்டதாக இன்னொருவர் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கும்போது அது இயங்கத் தொடங்கினால், மீட்புக் குழு குப்பைமேட்டைக் கிளற வேண்டியிருக்கும். பேட்டரியை முறையாகக் கழிக்கும் கடையில் ஒப்படைத்துவிட்டு, பதிவிலும் அந்தக் கருவி கழிக்கப்பட்டதாக மாற்றிவிடுங்கள்.