இலங்கை மலையகத் தோட்டத்தில் மாற்றுத்திறனாளி உள்ள வீட்டுக்கு: எந்தக் கந்தோர், எந்தப் படிவம், எந்த அளவு

நகரத்துக்கு இறங்கி ஏறினாலே ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். ஒரு போட்டோ கொப்பி குறைந்ததற்காக மறுபடி இறங்கினால் இன்னொரு நாள் பேர். அதனால் கந்தோர் வாசலை மிதிக்கும் முன் வீட்டில் ஒரு ஃபைல் மட்டையைத் தயார் செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பராமரிப்பவரின் அடையாள அட்டை ஆகியவற்றில் நான்கு நான்கு பிரதிகள் இருக்கட்டும். மாற்றுத்திறனாளியின் படமும் நான்கு. மூலப் பத்திரங்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. மட்டையின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, போன திகதி, பார்த்த உத்தியோகத்தரின் பதவி, அவர் சொன்னது, அடுத்து வரச் சொன்ன திகதி ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து "நீங்கள் வரவே இல்லையே" என்று யாராவது சொன்னால் அந்தத் தாள்தான் பேசும்.

தோட்டத்துப் பிள்ளைகளின் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு முதல் காரணம் பெயர். பிறப்புச் சான்றிதழில் முத்துசாமி, அடையாள அட்டையில் முத்துச்சாமி, கிளினிக் கொப்பியில் எம். சாமி என்று மூன்று விதமாக இருக்கும். சிங்களத்தில் எழுதிய பத்திரத்தைத் தமிழுக்கு மாற்றும்போது இன்னொரு எழுத்து மாறியிருக்கும். இப்படி இருந்தால், மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு சத்தியக்கடதாசி எழுதி சமாதான நீதவான் முன் கையொப்பமிட்டு ஃபைலில் வையுங்கள். உத்தியோகத்தர் கேட்கும்வரை காத்திருந்தால் அதற்கே ஒரு மாதம் போகும்.

பிறப்பே பதியப்படாத பெரியவர்களும் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். பிறந்து மூன்று மாதத்துக்குள் பதியாவிட்டால் அது காலங்கடந்த பதிவு. பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள். பழைய பதிவைத் தேடியும் கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத்தில் குடியிருப்பவருக்கு தோட்ட அத்தியட்சகரும் அத்தாட்சிப்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இனி மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவும் இதுவும் ஒன்றல்ல. எதற்கு உங்கள் விண்ணப்பம் போயிருக்கிறது என்று தனித்தனியே கேளுங்கள். முதலில் கிராம சேவகர், பிறகு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். கிராம சேவகர் எந்தெந்த நாளில் கந்தோரில் இருப்பார், எந்தெந்த நாளில் வெளிக்களம் போவார் என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்பதைவிட ஒரு கடிதம் நல்லது. நீட்டி எழுதத் தேவையில்லை:

"ஐயா, எனது மகள் (பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம்) பிறவியிலிருந்தே நடக்க முடியாதவர். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கும் சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பிக்கிறேன். மருத்துவ அறிக்கைப் படிவத்தைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் திகதி முத்திரை வாங்கி ஃபைலில் வையுங்கள். தமிழிலேயே எழுதலாம். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகங்கள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். கடிதத்தைச் சிங்களத்தில் மாற்றிக் கொண்டு வரச் சொன்னால் அது உங்கள் வேலையல்ல.

மருத்துவ அறிக்கையில்தான் அதிகம் சறுக்குகிறது. படிவத்தை தோட்ட டிஸ்பென்சரியில் நிரப்பிக் கொண்டுபோவார்கள், அரசாங்க வைத்தியசாலை டொக்டரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்கமாகப் பார்க்கும் கிளினிக் நாளில், டிக்கோயாவோ நுவரெலியாவோ பதுளையோ, கிளினிக் கொப்பியோடு படிவத்தையும் நீட்டுங்கள். கூட்டம் குறைந்த கடைசி நேரத்தில் கேட்டால் டொக்டர் பொறுமையாக எழுதுவார். "கால் பலவீனம்" என்று ஒரு வரி எழுதினால் அது விண்ணப்பத்துக்கு உதவாது. தானாகக் குளிக்க முடியுமா, கழிவறைக்குப் போக முடியுமா, சோறு எடுத்துச் சாப்பிட முடியுமா, தனியே விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போக முடியுமா என்பதை நீங்களே சொல்லுங்கள். வெட்கப்பட்டு "சமாளிச்சுக்கிறோம் ஐயா" என்று சொல்லும் தாய்மார் அதிகம். டொக்டர் அதையே எழுதிவிடுவார்.

விண்ணப்பம் போன பிறகு கடிதம் வரும். ஆனால் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை, தோட்டத்து ஆபிஸ் பைக்குள் வந்து பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். நேர்முகத்துக்கு வரச் சொன்ன கடிதம் திகதி தாண்டிக் கிடைப்பது இப்படித்தான். முகவரியில் தோட்டத்தின் பெயர், பிரிவு, லய இலக்கம் மூன்றையும் எழுதி, எப்போதும் எடுக்கக்கூடிய போன் இலக்கத்தையும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை நீங்களாகவே சமூக சேவை உத்தியோகத்தருக்குப் போன் எடுங்கள்.

அந்த உத்தியோகத்தரிடம் கொடுப்பனவை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தில் உதவி உபகரணம், சுயதொழில், வீடு திருத்தம், வைத்தியச் செலவு என்று வேறு உதவிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம். கேட்காததை யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.

வேலையில் இருந்தவர் விழுந்தோ நோயாலோ முடங்கிப்போனால், கொடுப்பனவைவிடப் பெரிய தொகை வேறு இடத்தில் கிடக்கிறது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் என்று மருத்துவச் சான்று இருந்தால், வயது பார்க்காமல் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். தொழில் திணைக்களத்தில் கே (K) படிவம் கேளுங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியிலும் நிரந்தர இயலாமைக்கு உதவி உண்டு, அது வேறு கந்தோர், வேறு படிவம். மலையில் வழுக்கி விழுந்தது வேலை நேரத்தில் என்றால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் பொருந்தும். அன்றே தோட்ட ஆபிஸில் விபத்தைப் பதியச் செய்யுங்கள். "அப்புறம் பார்ப்போம்" என்று விட்டால் அது வீட்டில் நடந்த விபத்தாக மாறிவிடும்.

சக்கர நாற்காலி இலவசமாகக் கிடைக்கிறது என்றதும் எதையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடக்கூடாது. ஆளை நேராக உட்கார வைத்து அளவெடுங்கள். இருக்கை அகலம், இடுப்பு அகலத்தைவிட ஒரு அங்குலம் கூடினால் போதும், ஸ்வெட்டருக்கு இடம் வேண்டும். அதைவிட அகலமானால் ஆள் ஒரு பக்கம் சாய்ந்து முதுகெலும்பு கோணும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இருக்கை நீளமானால் ஆள் முன்னால் வழுக்கி வாலெலும்பில் புண் வரும். கால் உணர்ச்சி இல்லாதவர் அரை மணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும், முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சாய்த்துவிட வேண்டும். குளிருக்கு அடுப்போரம் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உணர்ச்சியில்லாத கால் சுடுவதை அவரால் சொல்ல முடியாது, தோல் கொப்புளித்த பிறகுதான் தெரியும். ஆகவே அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், சுடுநீர்ப் போத்தலும் வேண்டாம்.

சாய்தளத்துக்கு விதி 1:12. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். லய வாசல் படி ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி வேண்டும், முற்றமே அவ்வளவு இருக்காது. நேராக முடியாவிட்டால் நடுவில் ஒரு தட்டுப் போட்டுத் திருப்பிக் கட்டலாம். கொத்தனார் மினுமினுப்பாகப் பூசித் தருவார், அது மழைக்குப் பாசி பிடித்து வழுக்கும். ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். இரண்டு ஓரத்திலும் ஒரு கை அகல உயரத்துக்குத் திண்டு வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கும்.

படியில் தூக்க வேண்டி வந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் உட்கார்ந்திருப்பவரின் முகம் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்தில் நிறுத்தி, பலசாலி பின் கைப்பிடியையும் மற்றவர் முன்னால் இரும்புச் சட்டத்தையும் பிடித்து, படிக்குப் படி உருட்ட வேண்டும். கைத்தாங்கியையும் கால்தட்டையும் பிடித்துத் தூக்காதீர்கள், அவை கழன்று வரும்படி செய்தவை.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்: 5 முதல் 16 வயதுவரை கட்டாயக் கல்வி, மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் அதற்குள்தான். அதிபர் "எங்களால் பார்க்க முடியாது" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். பிறகு வலயக் கல்விக் காரியாலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் பார்த்து, பக்கத்தில் தமிழ் மொழி விசேட கல்வி அலகு எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்குக் கூடுதல் நேரமோ எழுத உதவியாளரோ வேண்டுமென்றால், பரீட்சை விண்ணப்பம் போகும்போதே மருத்துவ அறிக்கையோடு அதிபர் மூலம் கேட்க வேண்டும். பரீட்சை மண்டபத்தில் போய்க் கேட்டால் மேற்பார்வையாளருக்குக் கொடுக்க அதிகாரம் இல்லை.